ஏரிக்கரையில் தங்குவோமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)



'இன்பச் சுற்றுலா' என்று சொன்னாலே துள்ளாத மாணவி உண்டா? அதிலும் 'ஓர் இரவு தங்கல்' என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் வகுப்பில் பாடம் நடக்குமா? சென்ற ஆண்டு எங்கள் ஒன்பதாம் வகுப்பில் அப்படித்தான் நடந்தது. தேக்கடிக்குப் போவது, ஏரிக்கரையில் ஓர் இரவு தங்குவது என்று முடிவாயிற்று. தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க நான்கு மாணவியர் கொண்ட ஒரு குழுவை வகுப்பாசிரியை அமைத்தார்கள். அந்த நால்வரில் நானும் ஒருத்தி. எங்கள் தேர்வு தவறாகப் போயிற்று. அந்தத் தவற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதை அடுத்த ஆண்டு சுற்றுலா செல்லப்போகும் தங்கைகளுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தேக்கடி நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு வெறும் சுற்றுலாத் தலமா? இல்லை. என் தாத்தா காலையில் தினசரியைப் பிரித்ததும் முதலில் தேடுவது அரசியல் செய்தியை அல்ல. பெரியாறு அணையின் நீர்மட்டத்தைத்தான். "இன்னைக்கு எத்தனை அடி?" என்ற கேள்வியோடுதான் எங்கள் வீட்டில் பொழுது விடிகிறது. 1887ஆம் ஆண்டு தொடங்கி 1895இல் முடிந்த அந்த அணைதான் தேக்கடி ஏரியை உண்டாக்கியது. அதைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் பிறந்த நாளான ஜனவரி 15இல் இன்றும் நம் ஊர்களில் பொங்கல் வைக்கிறார்கள். மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்று நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் பாய்ந்து, வைகையோடு சேர்ந்து மதுரைக்கும் அதற்கப்பால் சிவகங்கை, இராமநாதபுரம் வரைக்கும் செல்கிறது. ஏரி இருப்பது கேரளத்தில். ஆனால் அதன் நீர் நம் வீட்டுக் குடத்தில் இருக்கிறது.

இவ்வளவும் சமூகவியல் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் நாங்கள் நால்வரும். ஆனால் இடம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது இவற்றில் ஒன்றுகூட எங்கள் நினைவுக்கு வரவில்லை!

எங்கள் முன் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, புதிதாகக் கட்டிய விடுதி. மரக் குடில்கள், வண்ண விளக்குகள், இரவில் தீ மூட்டி ஆடிப்பாட இடம். படத்தில் குடிலுக்குப் பின்னால் நீல நிறத்தில் ஏரி மின்னியது. உணவோடு சேர்த்து ஒருவருக்கு 2,600 ரூபாய். மற்றொன்று, குமுளி ஊருக்குள் ஓர் எளிய தங்கும் கூடம். வரிசையாகக் கட்டில்கள், சுத்தமான குளியலறைகள், சாம்பார் சாதம். ஒருவருக்கு 1,100 ரூபாய். நாங்கள் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிட்டோம். படத்திலிருந்த அந்த நீல நிறம் எங்களை மயக்கிவிட்டது.

எங்கள் வகுப்பில் மொத்தம் 38 பேர். பேருந்தில் ஏறியவர்கள் 31 பேர். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றார்கள். ஒருத்தி வீட்டில் விசேஷம் என்றார்கள். என் பக்கத்து இருக்கைத் தோழி, தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாள். ஒரே நாளில் ஏழு வீடுகளில் எப்படி இத்தனை இடையூறு வரும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே மலையேறினோம்.

விடுதிக்குப் போய் இறங்கியதும் எல்லோரும் ஏரியைத் தேடினோம். ஏரி எங்கே? பின்புறம் சிமெண்டு பூசிய ஒரு சிறு குளம் இருந்தது. அதில் இரண்டு வாத்துகள். அவ்வளவுதான்! தேக்கடி ஏரி பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. ஊரிலிருந்து வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்து சில கிலோமீட்டர் போக வேண்டும். மாலையானால் வெளியாட்கள் உள்ளே போக முடியாது. காட்டுக்குள் தங்கும் விடுதிகள் ஒருசிலதாம் உண்டு. திருவிதாங்கூர் மன்னரின் கோடை மாளிகையாக இருந்து விடுதியான 'லேக் பேலஸ்' அவற்றில் ஒன்று. படகில் போக வேண்டிய அந்த மாளிகையில் அறைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஊருக்குள் 'ஏரி' என்று பெயர் வைத்த பலகையெல்லாம் ஏரிக்கரை ஆகிவிடாது என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. "உங்கள் விடுதியிலிருந்து ஏரிக்கு எவ்வளவு தூரம்? எத்தனை மணி வரை போகலாம்?" என்று தொலைபேசியில் இரண்டே இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும். நாங்கள் கேட்கவில்லை.

இரவில் காட்டின் ஓசையைக் கேட்கலாம் என்று ஆசைப்பட்டோம். பக்கத்துக் குடில்காரர்கள் வைத்த பாட்டுப் பெட்டியின் ஓசையைத்தான் நள்ளிரவு வரை கேட்டோம். காலையில் பல் துலக்கும்போது, சமையற்கட்டின் அழுக்கு நீரும் சோப்பு நுரையும் ஒரு குழாய் வழியே பின்னால் இருந்த ஓடையில் விழுவதைப் பார்த்தேன். அங்கு வேலை செய்த அண்ணனிடம், "இது எங்கே போகும் அண்ணா?" என்று கேட்டேன். "கீழே போகும் பாப்பா" என்றார். கீழே என்றால் எங்கே? எங்கே போனாலும் அது யாரோ ஒருவருடைய குடிநீர் அல்லவா?

குறை எல்லாம் விடுதியின் மேல் மட்டும் இல்லை. எங்கள் மேலும் உண்டு. மறுநாள் ஏழரை மணிப் படகில் ஏறினோம். ஆஹா, அந்தக் காட்சியை எப்படிச் சொல்வேன்! அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பட்டுப்போய் நீரின் நடுவே நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. எதிர்க்கரையில் மூன்று யானைகளும் ஒரு குட்டியும் நீர் குடிக்க இறங்கின. உடனே நாங்கள் 31 பேரும் "யானை! யானை!" என்று கூவினோம். பாதிப் பேர் எழுந்து ஒரு பக்கமாக ஓடினார்கள். "உட்காருங்க! எல்லாரும் உட்காருங்க!" என்று படகுக்காரர் அலறியபோதுதான் அடங்கினோம். யானைகள் நீர் குடிக்காமலே திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டன.

படகுக்காரர் ஏன் அப்படி அலறினார் என்பது வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் இதே ஏரியில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதன் பிறகே இங்கே லைஃப் ஜாக்கெட் அணிவது கட்டாயமாயிற்று. அந்தச் செய்தியை அறிந்த நாளிலிருந்து என் மனக்கண்ணில் எங்கள் படகு எத்தனையோ முறை சாய்ந்துவிட்டது.

சுற்றுலா முடிந்து பள்ளிக்கு வந்ததும் என் பக்கத்து இருக்கைத் தோழி, "ஏரி எப்படிடி இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் கையை விரித்து விரித்துச் சொன்னேன். அவள் வாய் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனபோது உண்மை தெரிந்தது. அவள் அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் திராட்சைத் தோட்டத்தில் தினக்கூலி. 2,600 ரூபாய் அவர்களுக்கு எத்தனை நாள் கூலி என்பதைக் கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. அவள் வீட்டிலிருந்து தேக்கடி 30 கிலோமீட்டருக்குள்தான். தன் அம்மா காலையிலிருந்து மாலைவரை நிற்கும் தோட்டத்துக்கு நீர் தரும் ஏரியை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லை!

மற்ற இடம் என்றால் வந்திருப்பாயா என்று கேட்டேன். "ஆயிரத்து நூறுன்னா அம்மா எப்படியாவது பார்த்திருப்பாங்க" என்றாள். நாங்கள் நால்வரும் ஐந்து நிமிடத்தில் எடுத்த முடிவு ஏழு பேரை வீட்டில் உட்கார வைத்துவிட்டது. இதை அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். "எழுது. ஆனா ஏழைப் பிள்ளைகளுக்காக மட்டமான இடத்துக்குப் போங்கன்னு எழுதாதே. எல்லாருக்கும் சரியான இடம்னு எழுது" என்று அவள் சொன்னாள். எங்கள் குழுவில் அவள் இருந்திருக்க வேண்டும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஆகவே, ஏரிக்கரைத் தங்கலைத் தேர்ந்தெடுப்பது பற்றி என் கருத்துகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, வகுப்பில் உள்ள அனைவரும் வரக்கூடிய இடமா என்று பார்க்க வேண்டும். படத்தைப் பார்க்கும் முன் கட்டணத்தைப் பாருங்கள். "யாரால் முடியாது? கை தூக்குங்கள்" என்று வகுப்பில் கேட்கக் கூடாது, யாரும் தூக்கமாட்டார்கள். அவரவர் வீட்டில் எவ்வளவு தர முடியும் என்பதைப் பெயரில்லாத துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, அதற்குள் அடங்கும் இடத்தைத் தேடலாம்.

இரண்டாவது, பாதுகாப்பு. "மலிவான இடத்தில் பெண் பிள்ளைகளை எப்படி விடுவது?" என்று பெற்றோர்கள் கேட்பீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் விலைக்கும் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு? எங்கள் 2,600 ரூபாய்க் குடிலின் கதவில் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. இரவில் நாற்காலியை முட்டுக் கொடுத்துப் படுத்தோம். தாழ்ப்பாள் உண்டா, இரவுக் காவல் உண்டா, மருத்துவமனை எவ்வளவு தூரம், ஆசிரியை அறை நடுவில் இருக்குமா என்று கேட்டறிய வேண்டும். முடிந்தால் பெற்றோர் ஒருவரும் ஆசிரியை ஒருவரும் முன்கூட்டியே போய் நேரில் பார்த்து வர வேண்டும். படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட்டைக் கட்ட வேண்டும். இருக்கையை விட்டு எழக் கூடாது.

மூன்றாவது, தீ. காட்டோரத்தில் தீ மூட்டி ஆடுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. நம் தேனி மாவட்டத்துக் குரங்கணியை மறந்துவிட்டோமா? 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கோடையில் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். "தீ மூட்ட இடம் உண்டு" என்று விளம்பரம் செய்யும் விடுதியை அதற்காகவே நான் தவிர்ப்பேன்.

நான்காவது, அழுக்கு நீரும் குப்பையும் எங்கே போகின்றன என்று கேட்க வேண்டும். ஒரு விருந்தாளி இதைக் கேட்பது மரியாதையா என்று சிலர் நினைக்கலாம். ஏரியில் வந்து விழுவது நாளை நம் குழாயில் வரும் என்றால் கேட்பதில் என்ன தவறு? கொடைக்கானல் மலையில் இரண்டு ஏரிகளைப் பாருங்கள். 1863ஆம் ஆண்டு மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் உண்டாக்கிய ஊர் ஏரியைச் சுற்றி விடுதிகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் பேரிஜம் ஏரிக்கோ வனத்துறையிடம் அனுமதி பெற்றே சுற்றுலா வண்டிகள் போக வேண்டும். மாலைக்குமுன் திரும்பிவிட வேண்டும். கட்டுப்பாடு இருக்கும் ஏரியில்தான் காடு இன்னும் காடாக இருக்கிறது.

ஐந்தாவது, நாம் தரும் பணம் யார் கைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். பெரியாறு காட்டில் முன்பு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள், இன்று வனத்துறையோடு சேர்ந்து பயணிகளுக்கு வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். காட்டை அழித்த கைகளே காட்டைக் காக்கின்றன! மன்னான், பளியர் போன்ற பழங்குடி மக்களும் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் பணிபுரிகிறார்கள். பெண்களாகிய நாம் பெருமைப்பட இன்னொன்றும் உண்டு. 'வசந்த சேனை' என்ற பெயரில் அங்குள்ள கிராமத்துப் பெண்கள் 2002ஆம் ஆண்டு முதல் சம்பளம் வாங்காமல் காட்டில் ரோந்து போய்ச் சந்தன மரங்களைக் காத்து வந்திருக்கிறார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டுக் காட்டு வேலைக்கும் போன அந்தத் தாய்மார்களைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் அந்த ஊரில் இருந்தும் வண்ண விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம்.

கடைசியாக, சிலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப்போகிறேன். ஏரிக்கரையை இரசிக்க ஏரிக்கரையிலேயே படுக்க வேண்டியதில்லை. 1934இல் சரணாலயமாகி, 1978இல் புலிகள் காப்பகமாகி, இன்று 925 சதுர கிலோமீட்டராக விரிந்திருக்கும் அந்தக் காட்டில் யானைக்கும் மிளாவுக்கும் காட்டெருமைக்கும் இரவில் நீர் குடிக்க வேறு எங்கே போக்கிடம்? நமக்கு உறங்க ஊர் இருக்கிறது. அவற்றுக்குக் கரை மட்டும்தான் இருக்கிறது. இரவில் ஊரில் எளிய கூடத்தில் உறங்கி, அதிகாலையில் எழுந்து முதல் படகுக்குப் போனால், பனிமூட்டம் விலகும் வேளையில் ஏரியைக் காணலாம். கட்டணமும் குறையும், கரையும் பிழைக்கும். "கரையில் தங்குவதில் ஒரு தனிச் சுகம் இல்லையா?" என்று கேட்டால், இருக்கத்தான் செய்யும். எனக்கும் அந்தக் கோடை மாளிகையின் தாழ்வாரத்தில் ஒரு மாலைப் பொழுது உட்கார ஆசை உண்டு. ஆனால் ஆசைப்படும் எல்லோருக்கும் கரையில் ஒரு குடில் கட்டினால் பார்ப்பதற்கு அங்கே காடும் இருக்காது, கரையும் இருக்காது.

இந்த ஆண்டு அரையாண்டு விடுமுறையில் என் அப்பா எங்களை மீண்டும் தேக்கடிக்கு அழைத்துப் போனார். அத்தை வீட்டுக்குப் போவதுபோலக் கட்டுச் சோறு கட்டிக்கொண்டு, முதல் பேருந்தில் போய் மாலையில் திரும்பினோம். என் தோழியும் அவள் அம்மாவும் எங்களோடு வந்தார்கள். பயணச் செலவைத் தாங்களே தருவோம் என்று அவள் அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள். அன்று யானை ஒன்றுகூட வரவில்லை. நான் வருத்தப்பட்டேன். அவர்கள் வருத்தப்படவில்லை. படகின் ஓரத்தில் அமர்ந்து நீரையே பார்த்துக்கொண்டிருந்த அவள் அம்மா, "இந்தத் தண்ணிதானா கண்ணு நம்ம வாய்க்கால்ல வர்றது? இம்புட்டு அமைதியா இருக்கே!" என்றார்கள். அந்த நீரை எங்கள் 31 பேரில் யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வரும் தங்கைகளே! உங்களிலும் நால்வர் குழுவில் உட்காருவீர்கள். உங்கள் முன்னும் நீல நிறப் படம் ஒன்று வரும். அதை ஒருநாள் ஒதுக்கி வையுங்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பார்க்க வேண்டியதைப் பாருங்கள். பேருந்து புறப்படும்போது தலையை எண்ணிப் பாருங்கள். ஒருத்தி குறைந்தாலும், அவளுக்கு உண்மையிலேயே காய்ச்சல்தானா என்று ஒருமுறை கேளுங்கள். நம்மில் ஒருத்தி வர முடியாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நம் வகுப்புக்கு ஏற்ற இடம் அன்று என்பதே என் தாழ்மையான கருத்து.